பம்ப்மேன் அத்தானும் பம்ப் ஸ்டேஷன் மச்சினனும்

2019 மே 13, திங்கட்கிழமை காலை. அத்தான் போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேராக விஷயம்.

“மாப்ள, ஃபுஜைராவுல நாலு கப்பல்ல ஓட்ட போட்டுட்டானுவ. பாத்தியா?”

பார்த்திருந்தேன். முந்தின நாள் நடந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் கிழக்குக் கரை. இரண்டு சவுதி டேங்கர், ஒரு நார்வே டேங்கர், கப்பல்களுக்கு எரிபொருள் ஊற்றும் சின்னக் கப்பல் ஒன்று. நீர்மட்டத்தை ஒட்டி யாரோ கண்ணிவெடி ஒட்டியிருக்கிறார்கள். ஆளுக்குச் சேதமில்லை. நான் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்: “அதுக்குத்தான் அத்தான் நாங்க குழாய் போடுறோம். கப்பலப் பாலைவனத்துல ஓட்ட முடியாதுல்லா.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சவுதியின் கிழக்கு–மேற்கு எண்ணெய்க் குழாயில் 8-ஆம் பம்ப் ஸ்டேஷனையும் 9-ஆம் பம்ப் ஸ்டேஷனையும் வெடிமருந்து ஏற்றிய ட்ரோன்கள் வந்து அடித்தன. தவாத்மி, அஃபிஃப் என்ற இரண்டு ஊர்கள். நாட்டின் நட்ட நடுவில், எந்தக் கடலிலிருந்தும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி. எட்டில் தீப்பிடித்து, குழாயை நிறுத்தி, சோதித்து, பிறகு ஓட்டினார்கள். அன்று சாயங்காலமும் அத்தான் போன் செய்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இந்த வழக்கு முப்பது வருடமாக நடக்கிறது. அத்தான் தூத்துக்குடிக்காரர், டேங்கர் கப்பல்களில் பம்ப்மேன். சரக்கு பம்புகள், வால்வுகள், டெக் முழுக்க ஓடுகிற பைப்புகள் எல்லாம் பம்ப்மேன் கையில்தான். நான் 1993 முதல் 2008 வரை வளைகுடா நாடு ஒன்றில், பாலைவனத்து பம்ப் ஸ்டேஷனில், கான்ட்ராக்ட் கம்பெனி மூலமாகப் போன இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் சோறு போட்டது கச்சா எண்ணெயைத் தள்ளுகிற பம்புதான். அவருடையது மிதந்தது, என்னுடையது தரையில் போல்ட் போட்டு நின்றது. சண்டைக் காலத்தில் எது பத்திரம் என்பது எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்ததும் கிளம்புகிற பேச்சு.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

குழாய் என்றதும் பலர் தண்ணீர்க் குழாய் மாதிரி, திறந்தால் வரும், மூடினால் நிற்கும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 அங்குலக் குழாய் ஒன்றை 1,200 கிலோமீட்டருக்கு நிரப்பவே 80 லட்சம் பீப்பாய்க்கு மேல் வேண்டும். பெரிய டேங்கர் ஒன்று சுமார் 20 லட்சம் பீப்பாய் கொள்ளும். ஆக, நாலு பெரிய கப்பலின் சரக்கு சும்மா மண்ணுக்குள் நீளமாகப் படுத்திருக்கிறது. இந்த முனையில் ஒரு பீப்பாய் தள்ளினால்தான் அந்த முனையில் ஒரு பீப்பாய் விழும். அதன் நடை, ஆள் வேகமாக நடப்பதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

அந்த நீளத்தில் எங்காவது சட்டென்று ஒரு வால்வு மூடினாலோ பம்ப் நின்றாலோ, ஓடிவந்த எண்ணெய் முட்டி அழுத்தம் பின்னோக்கி அலையாகத் திரும்பும். வீட்டில் குழாயைப் படக்கென்று மூடினால் சுவருக்குள் ‘டொங்’ என்று கேட்குமே, அதுதான். அந்த அலை வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். எங்கள் ஸ்டேஷனில் அப்போது காகிதச் சுருளில் பேனா கோடு போடுகிற சார்ட் ரெக்கார்டர் இருந்தது. ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். வெளியே மணல்காற்று. நானும் ஒரு மலையாளி ஆபரேட்டரும் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். பேனா மெல்ல நடுங்கி, சர்ரென்று மேலே ஏறியது. “அங்கே டிரிப் ஆயி” என்றார் சேட்டன். அடுத்த ஸ்டேஷன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மணல்காற்றில் அங்கே கரண்ட் போய் ஒன்றரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். போன் வருவதற்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ரிலீஃப் வால்வு திறந்து பெரிய மாடு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு பம்புகளை ஒன்றொன்றாக இறக்கினோம். சாயா ஆறிப்போனது. அந்தப் பதினைந்து வருடத்தில் நான் உயிருக்குப் பயந்தது இரண்டுக்குத்தான். ஷூவுக்குள் தேள் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது ஒன்று. சம்பளத்துக்கு டவுனுக்குப் போகும்போது அந்த நேர்க்கோட்டு ரோட்டில் எதிரே தூங்கிக்கொண்டே வருகிற லாரி இன்னொன்று.

இதைத்தான் நான் அத்தானிடம் சொல்லிக் காட்டுவேன். குழாயை வெடி வைத்து உடைத்தாலும் உடைவது இரும்பு. தோண்டி, கெட்டுப்போன பாகத்தை அறுத்து, துண்டுக் குழாய் வைத்து வெல்டிங் அடித்தால், சில நாட்களில் ஓடும். உடைத்தவன் மறுபடி வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்துகொண்டே இருந்தால் கதை வேறு. 2003-க்குப் பிறகு வடக்கு ஈராக்கில் கிர்குக்கிலிருந்து துருக்கியின் ஜெய்ஹானுக்குப் போகிற குழாயை இவர்கள் ஒட்ட ஒட்ட அவர்கள் உடைத்தார்கள். சில வருடங்களுக்கு அது பெரும்பாலும் நின்றேதான் கிடந்தது.

ஸ்டேஷன் அப்படியல்ல. பெரிய பம்ப், அதை ஓட்டுகிற டர்பைன், டிரான்ஸ்ஃபார்மர் இவை கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே குழாயை அடிக்கிறவன் பொடியன், ஸ்டேஷனை அடிக்கிறவன் தொழில் தெரிந்தவன். 2019 மே மாதம் அடித்தது யார் என்பதில் பேச்சு இரண்டாக இருந்தது. யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பொறுப்பேற்றார்கள். ட்ரோன்கள் கிளம்பியது ஈராக் மண்ணிலிருந்து என்று அமெரிக்க அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். யாராக இருந்தாலும் குறியைத் தேர்ந்தெடுத்தவனுக்கு வேலை தெரிந்திருந்தது. 2025 ஆகஸ்டில் உக்ரைன் ட்ரோன்கள் ரஷ்யாவின் துருஷ்பா குழாயை அடித்தபோதும் தேடிப் போனது உனேச்சா பம்ப் ஸ்டேஷனைத்தான். ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எண்ணெய் நின்றது.

ஆனால் இத்தனை சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கட்சியின் பெரிய ஓட்டை ட்ரோன் இல்லை, காகிதம்.

1956 சூயஸ் சண்டையில் கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து எகிப்து வழியை அடைத்தது. அதே நாட்களில் சிரியாவுக்குள் ஓடிய ஈராக் எண்ணெய்க் குழாயின் பம்ப் ஸ்டேஷன்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அது சண்டை, சரி. 1970 மே மாதத்துக் கதை இன்னும் வேடிக்கை. சவுதியிலிருந்து லெபனானின் சைடோனுக்கு ஓடிய ‘டாப்லைன்’ குழாயை சிரியாவுக்குள் ஒரு புல்டோசர் கீறிவிட்டது. ஒரு வாரத்து வேலை. ஆனால் பழுதுபார்க்க சிரியா அனுமதி தரவில்லை. வழிக்கூலியைக் கூட்டிக் கேட்டது. 1971 ஜனவரி வரை குழாய் படுத்தே கிடந்தது. டேங்கர் வாடகை உலகமெங்கும் ஏறியது. உடைத்தது ஒரு டிரைவர், நிறுத்தியது ஒரு கையெழுத்து.

1982 ஏப்ரலில் சிரியா மறுபடி தன் வேலையைக் காட்டியது. ஈரான்–ஈராக் போரில் ஈரான் பக்கம் சாய்ந்துகொண்டு, கிர்குக்கிலிருந்து பனியாஸ் துறைமுகத்துக்குப் போன ஈராக் குழாயை மூடியது. போர் தொடங்கியதுமே வளைகுடா முனையங்களை இழந்திருந்த ஈராக்குக்கு மிஞ்சியது துருக்கி வழிக் குழாய் ஒன்றுதான். பிறகு சவுதி வழியாக இன்னொன்று போட்டது. 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் நுழைந்தார். ஐ.நா. தடை போட்டது. சில நாட்களில் துருக்கிக் குழாயும் மூடல், சவுதிக் குழாயும் மூடல். சவுதிக் குழாய் அதற்குப் பிறகு ஈராக்குக்குத் திரும்பவே இல்லை. 2023 மார்ச்சில் ஒரு நடுவர் தீர்ப்பு வந்ததும் அதே துருக்கிக் குழாய் மறுபடி நின்றது. 2025 செப்டம்பர் கடைசியில்தான் ஓடியது. இரண்டரை வருடம். ஒரு குண்டு வெடிக்கவில்லை.

“உன் குழாய்க்குக் காலு கிடையாது மாப்ள” என்பார் அத்தான். “கப்பலு ஒருத்தன் கோவிச்சுக்கிட்டா இன்னொருத்தன் வீட்டுக்குப் போவும். குழாய் கட்டிக்கொடுத்த பொண்ணு மாதிரி. மாமியாக்காரி கதவ அடைச்சுட்டா வாசல்லயே நிக்கணும்.” அக்கா அடுக்களையிலிருந்து முறைப்பாள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

கப்பல் பக்கத்துக்கு வருவோம். இதில் நான் படித்ததைவிட அவர் சொல்லிக் கேட்டதே அதிகம்.

1984-லிருந்து 1988 வரை பாரசீக வளைகுடாவில் நடந்ததை ‘டேங்கர் போர்’ என்பார்கள். தொடக்கிவைத்தது ஈராக். ஈரானின் கார்க் தீவில் எண்ணெய் ஏற்றுகிற கப்பல்களை விமானத்திலிருந்து எக்ஸோசெட் ஏவுகணையால் அடித்தது. ஈரான் திருப்பி அடித்தது. ஆனால் ஈராக் கப்பலை அடிக்க அங்கே ஈராக் கப்பலே இல்லை. அதன் எண்ணெய் குழாயில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது! ஆகவே ஈராக்குக்குப் பணம் கொடுத்த குவைத், சவுதிக்குச் சொந்தமான கப்பல்களையும், அந்தத் துறைமுகங்களுக்குப் போய்வந்த கப்பல்களையும் அடித்தது.

இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன். குழாய் வைத்திருந்தவன் கடலில் தைரியமாகக் கல்லெறிந்தான். அவன் சட்டி அங்கே இல்லை. குழாய் இல்லாத ஈரானோ, வளைகுடாவிலிருந்து கப்பல் வெளியே போக இருக்கிற ஒரே வாசலான ஹோர்முஸ் நீரிணையை அந்தப் போரில் மூடுவேன் மூடுவேன் என்று மிரட்டியதே தவிர மூடவில்லை. மூடினால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். அந்த நாட்களில் ஹோர்முஸைத் திறந்துவைத்ததில் அமெரிக்கக் கடற்படைக்கு எவ்வளவு பங்கோ, ஈரானுக்குக் குழாய் இல்லாததற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கட்சி. அப்படியென்றால் நாங்கள் மாங்கு மாங்கென்று குழாய் போட்டது எண்ணெயைக் காப்பாற்றவா, இல்லை, போட்டவனுக்கு அடுத்தவன் கப்பலை எரிக்கிற சுதந்திரத்தைக் கொடுக்கவா? 2021 ஜூலையில் ஈரானும் நீரிணைக்கு வெளியே ஜாஸ்க்குக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் குழாய் ஒன்றைத் திறந்தது. எல்லோரும் அதன் கொள்ளளவைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அத்தான் முகம்தான் ஞாபகம் வந்தது.

1987-இல் அவருக்கு இருபத்தொன்பது வயது. அக்காவைக் கட்டி ஒரு வருடம். லைபீரியக் கொடி போட்ட டேங்கர். சவுதியின் ராஸ் தனூராவில் ஏற்றிக்கொண்டு ஹோர்முஸ் தாண்டி வெளியே வர வேண்டும். வளைகுடாவுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை பேசிக் சம்பளம் இரட்டிப்பு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுவார்களாம். ரேடியோவில் ஈரான் கடற்படை கூப்பிட்டு, கப்பல் பெயர் என்ன, எங்கிருந்து எங்கே என்று கேட்கும். நடுநடுவே முகம் தெரியாத எவனோ ஒருவன் அதே அலைவரிசையில் பாடுவான், ஊளையிடுவான். அவனும் ஏதோ ஒரு கப்பலில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பவன்தான்.

“எண்ணெய் ரொம்புன டேங்கரு லேசுல வெடிக்காது மாப்ள. காலி டேங்கருதான் வெடிகுண்டு” என்பார். தொழிலில் இது பாலபாடம். எரிவது எண்ணெயல்ல, ஆவி. நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடம் குறைவு. அதன்மேலும் ஆக்ஸிஜன் குறைந்த புகையை அடைத்துவைப்பார்கள். அந்தப் புகையின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலைகளில் ஒன்று. ஆகவே ஏவுகணை தொட்டியில் பட்டால் ஓட்டை விழும், எண்ணெய் ஒழுகும், சில சமயம் எரியும். கப்பல் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

எக்ஸோசெட் தொட்டியைத் தேடி வருவதில்லை என்பதுதான் தொல்லை. அது ராடார் எதிரொலியைத் தேடி வரும். டேங்கரில் தண்ணீருக்கு மேலே உயரமாக, சுவர் மாதிரி நிற்பது பின்பக்கத்து அக்காமடேஷன்தான். கீழே என்ஜின் ரூம், மேலே சமையலறை, மெஸ், தூங்குகிற அறைகள், உச்சியில் பிரிட்ஜ். இரண்டரை லட்சம் டன் எண்ணெய் முன்னால் பத்திரமாக இருக்க, அடி வந்து விழுவது இருபத்தைந்து பேர் குடியிருக்கிற அந்த ஆறு மாடியில். அதனால் மெத்தைகளை இழுத்துக்கொண்டு வந்து உள்நடையில் போட்டு, லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்து வரிசையாகப் படுத்தார்களாம், வெளிச்சுவர் ஒட்டிய அறையில் படுக்கப் பயந்து. “கல்யாண வீட்டு மண்டபம் மாதிரி இருக்கும். டெக் மேஸ்திரி போசன் குறட்ட விட்டா பயமே போயிரும். முழிச்சுக் கிடந்தான்னா எல்லாருக்கும் பயம்.”

அந்த வருடம் ஜூலையில் குவைத்தின் டேங்கர்களுக்கு அமெரிக்கா தன் கொடியை ஏற்றி, போர்க்கப்பல் காவலோடு கூட்டிப் போனது. முதல் ஊர்வலத்திலேயே, ஜூலை 24 அன்று, ஃபார்சி தீவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜ்டன் என்ற 4 லட்சம் டன் டேங்கர் கடல் கண்ணிவெடியில் மோதியது. கப்பல் நிற்கவில்லை. ஓட்டையோடு தொடர்ந்து போனது. அப்புறம் நடந்ததைச் சொல்லும்போது அத்தான் எழுந்து நின்று நடித்தே காட்டுவார். காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அந்த டேங்கருக்குப் பின்னால் வரிசை கட்டிக்கொண்டன. மெல்லிய தகடு போட்ட போர்க்கப்பலுக்கு ஒரு கண்ணியே போதும். டேங்கர் இன்னொன்றும் தாங்கும். “திருடனப் பிடிக்க வந்த போலீஸு வீட்டுக்காரன முன்னால விட்டுட்டு அவன் வேட்டியப் புடிச்சிட்டு வந்த கதை” என்று சிரிப்பார். கப்பலின் இரும்பு எவ்வளவு பொறுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் கேட்டதில்லை.

உலகத்திலேயே நீளமான கப்பலாக இருந்த ஸீவைஸ் ஜயண்டும் இப்படித்தான். 458 மீட்டர். ஈரான் எண்ணெயைத் தேக்கிவைக்க லாராக் தீவருகே நின்றது. 1988 மே மாதம் ஈராக் விமானங்கள் அடித்து எரித்தன. செத்தது என்று எழுதிவிட்டார்கள். பிறகு ஒருவர் வாங்கி, பழுதுபார்த்து, பெயர் மாற்றி, இன்னும் பல வருடம் ஓட்டினார்கள். கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து நம்மூர் ஆட்கள் கையால் உடைபட்டது.

அந்தப் போரில் அடிபட்ட வணிகக் கப்பல்கள் சுமார் 546 என்றும் இறந்த மாலுமிகள் சுமார் 430 என்றும் லண்டனின் லாய்ட்ஸ் இன்ஷூரன்ஸ் சந்தையின் கணக்கு. அடிபட்ட டேங்கர்களில் முக்கால்வாசி மறுபடி ஓடியது. எண்ணெயும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. கச்சா எண்ணெய் விலை அந்த வருடங்களில் ஏறவில்லை. 1986-இல் சரிந்தே விட்டது. உலகத்தைக் கேட்டால், டேங்கர் போரில் டேங்கர் ஜெயித்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் வழக்கு இடறும். எது பத்திரம் என்றால், யாருக்கு? எண்ணெய்க்கு என்றால் அத்தான் ஜெயித்தார், கப்பல் வளைந்து கொடுக்கும், சுற்றிப் போகும், அடியைத் தாங்கும். ஆளுக்கு என்றால் நான் ஜெயித்தேன். குழாய்க்குள் யாரும் மெத்தை போட்டுப் படுப்பதில்லை.

நடுவில் ஒரு சங்கதி. ஓடுகிற எண்ணெய்தான் இலக்கு என்றில்லை, நிற்கிற எண்ணெயும்தான். இது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சுட்டது துறைமுகத்து பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளை. ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதன் பின்னால் எரிந்தது எண்ணெய்தான். 2019 செப்டம்பர் 14-இல் சவுதியின் அப்கேக் எண்ணெய் ஆலையை அடித்தபோது இதே பாடம் பெரிய எழுத்தில் வந்தது. சவுதி உற்பத்தியில் பாதி, தினம் சுமார் 57 லட்சம் பீப்பாய், ஒரே விடியலில் நின்றது. நான் பெருமை பேசுகிற கிழக்கு–மேற்குக் குழாய் புறப்படுகிற இடமே அப்கேக்தான். ஊற்றே அடைபட்டால் வாய்க்கால் எவ்வளவு நல்ல வாய்க்காலாக இருந்து என்ன?

சரி, குழாயால் ஹோர்முஸைத் தாண்டிவிடலாமா? 2024 கணக்குப்படி அந்த நீரிணை வழியாகத் தினமும் சுமார் 2 கோடி பீப்பாய் போனது. உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒன்று. குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர் அகலம் இருந்தாலும், கப்பல் போக ஒதுக்கிய தடம் போக ஒன்று, வர ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று கிலோமீட்டர்தான். இதைத் தவிர்க்கத்தான் சவுதிக் குழாய். சாதாரணமாக 50 லட்சம் பீப்பாய், நெருக்கினால் 70 லட்சம். ஃபுஜைராவுக்கு அமீரகம் 2012-இல் திறந்த குழாய் 15 லட்சம். கூட்டினால் பெரிதாகத் தெரியும். ஆனால் அவை சும்மா இருப்பதில்லை, ஏற்கனவே ஓடுகின்றன. ஆபத்துக்குக் கூடுதலாக ஏற்ற மிஞ்சுவது தினம் 26 லட்சம் பீப்பாய்தான் என்று 2025-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் கணித்தது. குவைத்துக்கும் கத்தாருக்கும் வெளியே போகக் குழாயே கிடையாது.

அதோடு, குழாயின் மறுமுனை எங்கே? செங்கடலில், யான்பு துறைமுகத்தில். அங்கே எண்ணெய் மறுபடி கப்பலில்தான் ஏற வேண்டும். ஐரோப்பாவுக்கு என்றால் வடக்கே போகலாம். நம் பக்கம் வர வேண்டும் என்றால் தெற்கே, பாப் அல்-மந்தப் நீரிணை வழியாக, ஹூதிகளின் வாசலைத் தாண்டி வர வேண்டும். ஹோர்முஸுக்குப் பயந்து 1,200 கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடந்து, அடுத்த நீரிணையில் போய் நிற்கிற கதை. நான் இதைச் சொன்னபோது அத்தான் சிரிக்கவில்லை. “ஆக மொத்தம் கடைசில கப்பக்காரன்தானப்பா போவணும்” என்றார்.

அவர் மகன், என் மருமகன், இப்போது டேங்கரில் தேர்ட் மேட் என்கிற இளநிலை அதிகாரி.

2023 நவம்பருக்குப் பிறகு ஹூதிகள் கப்பல்களை அடிக்கத் தொடங்கி, செங்கடல் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 2024 ஜனவரி 26 அன்று ஏடன் வளைகுடாவில் நாஃப்தா என்ற, பெட்ரோல் மாதிரி லேசான எண்ணெய் ஏற்றிப்போன மார்லின் லுவாண்டா கப்பல் மேல் ஏவுகணை விழுந்தது. கப்பலில் 22 இந்தியர்கள், ஒரு வங்கதேசத்தவர். நாஃப்தா கச்சா எண்ணெய் மாதிரி பொறுமைசாலி அல்ல, பற்றினால் பற்றியதுதான். கப்பலைக் கைவிடாமல் அவர்களே தீயோடு போராடினார்கள். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்து அணைக்கக் கைகொடுத்தது. கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரத்துக்கான விருது கிடைத்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் டிவியை அணைக்கவில்லை. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “அதுல நம்ம பிள்ளைக இருக்கா?”

மருமகனின் கப்பல் அப்போது குஜராத் கரையில் டீசல் ஏற்றிக்கொண்டிருந்தது. போக வேண்டியது ஐரோப்பா. செங்கடல் வழியா, ஆப்பிரிக்காவைச் சுற்றியா என்று கம்பெனி இன்னும் முடிவு சொல்லவில்லை. போர் இன்ஷூரன்ஸ் ஒரு கணக்கு. கப்பல் மதிப்பில் ஏறக்குறைய 0.7-லிருந்து 1 சதவீதம்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒருமுறை தாண்ட 10 லட்சம் டாலர் வரை. சுற்றிப் போனால் பத்துப் பதினைந்து நாள் எண்ணெய்ச் செலவு, வாடகை. இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனி பேசும். குழாய்க்காரன் வெளியுறவு அமைச்சகத்தைப் பார்த்து நடுங்குவான். கப்பல்காரன் நடுங்குவது இன்ஷூரன்ஸ் மேஜையைப் பார்த்து.

இதற்கிடையில் ஆளாளுக்கு ஒரு கடிதம் வந்தது. இன்ன பகுதி போர்ப் பகுதி. அதன் வழியே போக மறுக்க உனக்கு உரிமை உண்டு, மறுத்தால் கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்பப்படுவாய். சம்மதித்தால் அந்தப் பகுதியில் இருக்கிற நாட்களுக்கு, குறைந்தது 5 நாளுக்கு, பேசிக் இரட்டிப்பு. கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்.

மருமகன் வாட்ஸ்அப்பில் அதைப் படம் எடுத்து அனுப்பி, “மாமா, அப்பாகிட்ட காட்டுங்க. என்ன சொல்றாங்கன்னு கேளுங்க” என்றான். அப்பாவிடம் நேராகக் கேட்க அவனுக்குத் தயக்கம்.

சாயங்காலம் போனேன். அத்தான் கண்ணாடியைப் போட்டு, போனைத் தள்ளிப் பிடித்து, இரண்டு தடவை படித்தார். “எங்க காலத்துல இந்தக் காயிதம் கிடையாது. மாஸ்டர் கூப்டு, போறோம்னு சொல்லுவாரு, அவ்வளவுதான்” என்றார். பிறகு, “அக்காமடேஷன்ல இவன் கேபினு எந்தப் பக்கம்னு கேளு” என்றார்.

கேட்டேன். வலது பக்கம், மூன்றாம் தளம், கடைசி.

“நடைல படுக்கச் சொல்லு.”

கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்பதற்கு அவரிடமிருந்து கடைசிவரை பதில் வரவில்லை. அக்கா பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் மட்டும் என் பழைய வழக்கத்தில், “அந்த டீசலுக்கு ஒரு குழாய் இருந்தா…” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

மருமகன் சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கம்பெனி முடிவு வந்தது: நன்னம்பிக்கை முனை வழி. அத்தான் அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே தூங்கிப்போனார். மருமகன் எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தான். பின்னால் கப்பல் என்ஜின் சத்தம்.

“சுத்தித்தான் போறோம் மாமா. அம்மாட்ட சொல்லிருங்க. அஞ்சு நாள் டபுள் பேசிக் போச்சு.”